எஞ்சின் வேலைக்குப் பிறகு வந்த டேப்பெட் சத்தம்: ஸ்விஃப்ட் டீசலில் இரண்டு வருட அனுபவம்

என்னுடையது 2012 மாடல் ஸ்விஃப்ட் டீசல். இரண்டு லட்சம் கிலோமீட்டரை நெருங்கும்போது ஆயில் குடிக்க ஆரம்பித்தது. ஏற்றத்தில் இழுவை குறைந்தது, கம்ப்ரஷன் பார்த்தால் சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம். அவ்வளவு ஓடிய வண்டிக்கு இது இயல்பான தேய்மானம்தான். கோயம்புத்தூரில் எஞ்சினை இறக்கி முழு வேலை பார்த்தோம். பிஸ்டன், ரிங், பேரிங், டைமிங் செயின் செட், ஆயில் பம்ப், வால்வு சீல் எல்லாம் புதிது. வால்வுகள் இருக்கும் ஹெட் லேத்துக்குப் போய், வால்வு உட்காரும் சீட் வெட்டி, வால்வு கிரைண்டிங் முடிந்து வந்தது. ஹைட்ராலிக் டேப்பெட் (வால்வுக்கும் அதைத் திறக்கும் கேம்ஷாஃப்டுக்கும் நடுவில் இடைவெளி விழாமல் ஆயிலை வைத்துப் பார்த்துக்கொள்ளும் சின்ன பாகம்) மட்டும் பழையதையே திரும்பப் போட்டார்கள்.

அதற்கு மேல் இப்போது முப்பதாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிவிட்டது. எஞ்சின் வேலை பார்த்த பிறகு டேப்பெட் சத்தம் வந்து, எதை நம்புவது என்று தெரியாமல் நிற்பவர்களுக்கு என் அனுபவம் உதவும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் இந்த எஞ்சினைப் பற்றி. 1,248 சிசி, 16 வால்வு, ஃபியட்டின் 1.3 மல்டிஜெட். 2003இல் ஐரோப்பாவில் அறிமுகமானது. இங்கே ஃபியட், மாருதி, டாடா, செவ்ரோலே என்று பல கம்பெனிகளின் கார்களில் ஓடியது. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 புகை விதி வந்தபோது மாருதி டீசலையே நிறுத்திவிட்டது. ஆனாலும் இத்தனை கார்களில் இருந்த எஞ்சின் என்பதால் உதிரி பாகத்துக்கு இன்றும் அலைய வேண்டியதில்லை. எஞ்சின் வேலை பார்க்கலாம் என்று நான் துணிந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அம்பாசடரிலும் மாருதி 800இலும் டேப்பெட் சத்தம் வந்தால் ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகடு வைத்து ஸ்க்ரூவைத் திருப்பி இடைவெளியைச் சரிசெய்துவிடுவார்கள். மல்டிஜெட்டில் அப்படித் திருப்ப ஸ்க்ரூவே கிடையாது. ஒவ்வொரு வால்வுக்கும் ஒரு ஹைட்ராலிக் டேப்பெட், அதன் தலையில் ரோலர் வைத்த ஒரு ராக்கர். டேப்பெட்டுக்குள் ஒரு சின்ன பிளஞ்சர், அதற்குக் கீழே ஸ்பிரிங், நடுவில் ஒரு குட்டி பந்து வால்வு. எஞ்சின் ஆயில் உள்ளே போய் நிரம்பும், பந்து அதைத் திரும்பி வரவிடாமல் அடைக்கும். இப்படித்தான் இடைவெளி எப்போதும் பூஜ்ஜியத்தில் நிற்கிறது. உள்ளே காற்று சேர்ந்தாலோ, பந்து சரியாக உட்காராவிட்டாலோ, போதிய ஆயில் வராவிட்டாலோ டேப்பெட் அமுங்கிப்போகும். அப்போதுதான் தட்டுகிற சத்தம்.

வேலை முடிந்து முதல் தடவை ஸ்டார்ட் செய்தபோது தையல் மெஷின் ஓடுவதுபோல ஒரே தட்டல். காலியாக இருக்கும் ஆயில் பாதைகள் நிரம்ப நேரமாகும், டேப்பெட்டுக்குள் இருக்கும் காற்று வெளியேற இன்னும் கொஞ்ச நேரம் பிடிக்கும், ஆகவே அந்தச் சத்தத்துக்குப் பயப்பட வேண்டியதில்லை. சில நிமிடங்களில் அது அடங்கியது. ஆனால் முழுதாகப் போகவில்லை. ஒரே ஒரு டக் டக் மட்டும் மிச்சம் நின்றது. "ஓட ஓட செட்டாயிருமுங்க" என்றார் மெக்கானிக் அண்ணன். ஆயிரம் கிலோமீட்டரில் முதல் ஆயிலை மாற்றிய பிறகும் அது அப்படியே இருந்தது.

ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். ஒருவர் டீசலைப் பீச்சும் இன்ஜெக்டர் என்றார். ஒருவர் 20டபிள்யூ-50 என்ற கெட்டி ஆயில் ஊற்று, அடங்கிவிடும் என்றார். இன்னொருவர் டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் என்றார். மூன்றுமே கேட்பதற்கு நியாயமாகத்தான் பட்டன. இந்த இடத்தில்தான் பலரும் கையில் இருக்கும் காசையெல்லாம் தவறான இடத்தில் கொட்டுகிறார்கள்.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தேடுவதற்கு முன்னால் எப்போது வருகிறது என்று ஒரு வாரம் கவனித்து எழுதி வையுங்கள். எனக்கு உண்மையில் வழிகாட்டியது அந்தக் குறிப்புதான். காலையில் குளிர்ந்த எஞ்சினில் முதல் சில வினாடி தவிர சத்தம் இல்லை. நன்றாகச் சூடேறி அவினாசி ரோட்டில் சிக்னலில் ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஐடிலிங்கில் நிற்கும்போது, பக்கத்து மீடியன் சுவரில் பட்டுத் தெளிவாகக் கேட்கும். ஆக்சிலரேட்டரைத் தொட்டு 1,500 ஆர்பிஎம் தாண்டினால் காணாமல் போய்விடும். அடுத்த சிக்னலில் மறுபடியும் ஆஜர்.

சூடேறிய ஆயில் மெலிந்து, டேப்பெட்டுக்குள்ளிருந்து வேகமாகக் கசிகிறது. ஐடிலிங்கில் கசிய நேரமும் அதிகம். வேகம் கூடினால் கசிவதற்கு அவகாசம் இல்லை, பிரஷரும் ஏறுகிறது, சத்தம் அடங்குகிறது. ஒன்றிரண்டு டேப்பெட்டில் பந்து வால்வு சரியாக அடைக்கவில்லை என்றால் சத்தம் இப்படித்தான் வந்து வந்து போகும். இதற்கு நேர்மாறாக, ஐடிலிங்கில் அமைதியாக இருந்து வேகத்தில் எல்லா டேப்பெட்டும் சேர்ந்து தட்டினால் ஆயிலில் காற்று நுரைக்கிறது என்று சந்தேகப்படலாம். ஆயில் அளவு மேக்ஸ் கோட்டுக்கு மேல் போயிருக்கலாம், அல்லது எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பில் ஆயிலை உறிஞ்சும் குழாயின் ஓ-ரிங் காற்றை இழுக்கலாம். புதிதாக வேலை பார்த்த எஞ்சினில் அந்த ஓ-ரிங் மடிந்து உட்கார்ந்திருப்பது நடக்கக்கூடியதுதான்.

அடுத்தது இன்ஜெக்டர் சந்தேகம். கேம்ஷாஃப்ட், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுவதால், ஐடிலிங் 850 ஆர்பிஎம் என்றால் ஒரு டேப்பெட் நிமிடத்துக்கு 425 தடவை தட்டும். பிஸ்டனை கிராங்கோடு இணைக்கும் கான்ராடின் பேரிங் சத்தம் என்றால் தட்டலின் வேகம் அதைப்போல இரண்டு மடங்கு இருக்கும். ஆகவே தட்டும் வேகத்தை வைத்தே கீழ்ப்பகுதிக் கோளாறு இல்லை என்று ஓரளவு சொல்லிவிடலாம். ஆனால் இன்ஜெக்டரும் சிலிண்டருக்கு இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் வேலை செய்கிறது, அதாவது டேப்பெட்டின் அதே தாளம். அதனால் காதை மட்டும் நம்பி இந்த இரண்டையும் பிரிக்க முடியாது. எஞ்சினை நிறுத்தி ஒரு இன்ஜெக்டரின் ஒயர் சாக்கெட்டைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்து கேட்டோம். அப்புறம் அதை மாட்டிவிட்டு அடுத்தது. எஞ்சின் ஓடும்போதே அதைப் பிடுங்க வேண்டாம், அதில் வரும் வோல்டேஜ் பேட்டரியைவிடப் பல மடங்கு அதிகம். நான்கிலும் எஞ்சின் முரண்டு பிடித்ததே தவிர, டக் டக் துளியும் மாறவில்லை. புது இன்ஜெக்டருக்கு ஆகும் செலவு அதோடு மிச்சம்.

பிறகு ஆயில் பிரஷர். இதைப் பார்க்காமல் ஹெட்டைத் தொடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. பிரஷர் ஸ்விட்சைக் கழற்றி அந்த இடத்தில் கேஜ் மாட்டினால் வேலை முடிந்தது. டேஷ்போர்டில் இருக்கும் சிவப்பு விளக்கு பிரஷர் மிகவும் விழுந்த பிறகுதான் எரியும், அதை வைத்து நிம்மதி அடைய முடியாது. 1,000 ஆர்பிஎம்முக்கு சுமார் 10 பிஎஸ்ஐ இருக்க வேண்டும் என்பது பட்டறைகளில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. என் வண்டியில் சூடான ஐடிலிங்கிலும் அதற்கு மேலேயே நின்றது. ஆக பம்ப், பேரிங் எல்லாம் சரி, கோளாறு மேலே தனியாக ஏதோ ஒரு டேப்பெட்டில். ஸ்டெதாஸ்கோப் வைத்தபோது இரண்டாவது சிலிண்டருக்கு மேலே சத்தம் கூர்மையாகக் கேட்டது.

கெட்டி ஆயில் ஊற்றும் யோசனையை நான் ஏற்கவில்லை. கெட்டி ஆயில் கசிவது குறையும், சத்தமும் குறைந்திருக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் காலை ஸ்டார்ட்டில் ஆயில் ஹெட்டுக்கு ஏறத் தாமதமாகும். இந்த எஞ்சினில் செயின் டென்ஷனரும் ஆயில் பிரஷரில்தான் நிற்கிறது. ஒரு டேப்பெட்டின் சத்தத்தை மறைப்பதற்காக செயினைப் பட்டினி போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. சத்தத்தை நிறுத்தும் என்று விற்கும் பாட்டில் மருந்துகளுக்கும் இதே பதில்தான்.

கடைசியில் திறந்தோம். இது லேசான வேலை இல்லை. கேம்ஷாஃப்ட்களை லாக் பின் போட்டு நிறுத்தி, செயின், டீசல் பைப் எல்லாம் கழற்றி மேல்பகுதியைத் தூக்க வேண்டும். பதினாறு டேப்பெட்டையும் வரிசை மாறாமல் எடுத்து வைத்து ஒவ்வொன்றாக விரலால் அழுத்திப் பார்த்தார் அண்ணன். மற்றவை கல் மாதிரி நிற்க, இரண்டாவது சிலிண்டரில் ஒன்று மட்டும் அழுத்தியதும் இறங்கியது. பிரித்துப் பார்த்தால் பந்து உட்காரும் இடத்தில் சாம்பல் நிறப் பொடி. வால்வு கிரைண்டிங் பேஸ்ட்டின் மிச்சம் என்று விரலில் தேய்த்துக் காட்டினார், நறநறவென்றிருந்தது. லேத்திலிருந்து வந்த ஹெட்டின் ஆயில் துளைகளை யாரும் முறையாகக் கழுவவில்லை. எனக்கு வயிற்றைக் கலக்கியது அந்த ஒரு டேப்பெட்டால் அல்ல. அதே பொடி பேரிங்குக்கும் டர்போவுக்கும் போயிருந்தால் மொத்த வேலையும் வீண்.

பதினாறையும் புதிதாக மாற்றினேன். ஒன்றை மட்டும் மாற்றினால் போதும் என்று வாதிடலாம். ஆனால் திறந்து மூடும் கூலியோடு பார்த்தால், இரண்டு லட்சம் ஓடிய மற்ற பதினைந்தைத் திரும்பப் போடுவதில் லாபம் இல்லை. ஹெட்டின் ஆயில் பாதைகளை மண்ணெண்ணெயும் பிரஷும் வைத்துக் கழுவி, ஏர் அடித்து, மறுபடி கழுவினோம். புது டேப்பெட்களை ஆயிலில் ஊறப்போட்டு மாட்டினார். பூட்டிய பிறகு அரை மணி நேரத்துக்கு மேல் எஞ்சினைத் திருப்பவே விடவில்லை. நிரம்பி நீண்டு நிற்கும் டேப்பெட் வால்வைத் திறந்தே பிடித்திருக்கலாம், அப்போது எஞ்சினைச் சுழற்றினால் பிஸ்டன் வால்வில் இடிக்கும். அப்புறம் இன்ஜெக்டர் சாக்கெட்களைக் கழற்றிவைத்துக்கொண்டு, ஆயில் விளக்கு அணையும்வரை விட்டு விட்டு செல்ஃப் அடித்து, பிறகுதான் ஸ்டார்ட். ஒரு நிமிடத் தட்டல், அதோடு அமைதி. எங்காவது பொடி மிச்சம் இருக்குமோ என்று சில நூறு கிலோமீட்டரிலேயே ஆயிலையும் ஃபில்டரையும் மறுபடி மாற்றினேன்.

அதன் பிறகு திம்பம் மலைப்பாதை, வால்பாறை, பாலக்காடு என்று எல்லா விதமாகவும் ஓட்டியாகிவிட்டது. ஒரு வருடம் கழித்து இன்னொரு சத்தம் வந்தபோது "டேப்பெட் மறுபடியும் போச்சு" என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். இது எப்போது வருகிறது என்று பார்த்தேன். ஐடிலிங்கில் லேசாக, ஏற்றத்தில் லோடு ஏறும்போது பலமாக, கூடவே கேபினுக்குள் புகை வாடை. டேப்பெட் இப்படி நடந்துகொள்ளாது. இன்ஜெக்டரின் அடியில் தார் மாதிரிக் கருப்பாகப் படிந்திருந்தது. செப்பு வாஷர் வழியாக கம்ப்ரஷன் கசிந்து சுஃப் சுஃப் என்று அடித்திருக்கிறது. இன்ஜெக்டர் உட்காரும் இடத்தைச் சுத்தம் செய்து புது வாஷர் போட்டதும் முடிந்தது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் கேஸ்கெட் கசிந்தாலும் இதைப்போலக் கேட்கும், ஆனால் பெரும்பாலும் குளிர்ந்திருக்கும்போது பலமாக இருந்து, சூடேறி இரும்பு விரிந்ததும் குறையும்.

எஞ்சின் வேலைக்குக் கொடுக்கப் போகிறவர்கள் லேத்திலிருந்து ஹெட் வந்ததும், பூட்டுவதற்கு முன்னால் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். ஆயில் துளைகளில் ஏர் அடித்து வெள்ளைத் துணியில் பிடிக்கச் சொல்லுங்கள். சீட் வெட்டிய பிறகு வால்வு தண்டின் உயரத்தை அளந்தார்களா என்றும் கேளுங்கள். சீட் அதிகம் வெட்டினால் வால்வு உள்ளே இறங்கி, தண்டின் முனை மேலே வரும். அதை ஈடுகட்ட டேப்பெட்டுக்கு ஒரு எல்லை உண்டு. அதைத் தாண்டினால் சத்தம்கூட வராது, வால்வு மூடாமல் கம்ப்ரஷன்தான் போகும்.

இப்போது நான் 5டபிள்யூ-30 ஆயிலை 7,500 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுகிறேன், ஃபில்டரும் கூடவே. வண்டி ஒரு வாரம் நின்றுவிட்டு ஸ்டார்ட் ஆகும்போது இரண்டு மூன்று வினாடி தட்டுகிறது. நின்றிருக்கும்போது ஆயில் கீழே வடிவதால் வருவது அது, அதற்காக எதையும் கழற்றப்போவதில்லை. அந்தத் தட்டல் பத்து வினாடிக்கு மேல் நீண்டாலோ, ஆயில் விளக்கு அணையத் தாமதமானாலோ முதலில் ஃபில்டரை மாற்றுவேன், அதற்கும் அடங்காவிட்டால் கேஜ்.