எம்எம்ஏ டிசிஷன்ஸ்: தீர்ப்பைப் பார்த்துக் கடுப்பாகிறவர்களுக்கு ஒரு தளம்

எம்எம்ஏ என்றால் குத்து, உதை, மல்யுத்தப் பிடி எல்லாம் கலந்த கூண்டுச் சண்டை. நாக்அவுட்டில் முடிந்த சண்டைக்கு இந்தத் தளத்தில் இடமில்லை. ஜட்ஜுகள் கைக்குப் போன சண்டைகளை மட்டும்தான் எம்எம்ஏ டிசிஷன்ஸ் சேர்த்து வைக்கிறது. மூன்று ஜட்ஜுகளும் ரவுண்டு ரவுண்டாக என்ன மதிப்பெண் போட்டார்கள், பத்திரிகைக்காரர்கள் என்ன போட்டார்கள், ரசிகர்கள் என்ன போட்டார்கள், அவ்வளவுதான். காசு கிடையாது. பார்க்கப் பழைய காலத்துத் தளம், வெறும் அட்டவணைகள். எனக்கு அதுவே போதும்.

நான் பயன்படுத்தும் விதம் இது: வர்ணனையை அணைத்துவிட்டுச் சண்டையைப் பார்ப்பேன், ஒவ்வொரு ரவுண்டு முடிந்ததும் காகிதத்தில் என் கணக்கைக் குறித்துவிடுவேன். அதன் பிறகுதான் தளத்தைத் திறப்பது. மொத்தத்தைப் பார்க்கவே மாட்டேன், எந்த ரவுண்டில் ஜட்ஜுகள் பிரிந்தார்கள் என்றுதான் தேடுவேன். ஏனென்றால் ஜட்ஜுக்கு ஒவ்வொரு ரவுண்டும் தனிக் கணக்கு. ஜெயித்தவருக்கு 10, தோற்றவருக்குப் பெரும்பாலும் 9. ரவுண்டு முடிந்ததும் மதிப்பெண் சீட்டை வாங்கிக்கொள்வார்கள், அப்புறம் யோசித்துப் பயனில்லை.

2013 நவம்பரில் நடந்த ஜார்ஜ் செயின்ட் பியர் - ஜானி ஹென்ட்ரிக்ஸ் பக்கத்தைத் திறந்து பாருங்கள். முகம் வீங்கி நின்ற செயின்ட் பியருக்குத்தான் 2-1 என்று, அதாவது மூன்று ஜட்ஜுகளில் இருவர் கணக்கில், பட்டம் போனது, கூட்டம் கொதித்தது. அட்டவணையிலோ இரண்டாவதும் நான்காவதும் ஹென்ட்ரிக்ஸுக்கு, மூன்றாவதும் ஐந்தாவதும் செயின்ட் பியருக்கு என்று மூன்று ஜட்ஜுகளும் ஒரே குரலில் சொல்கிறார்கள். தகராறு முதல் ரவுண்டில் மட்டும்தான். ஐந்து ரவுண்டு சண்டையின் பட்டம் அந்த முதல் ஐந்து நிமிடத்தில் தொங்கியிருக்கிறது. அந்த ரவுண்டை மட்டும் திரும்பப் போட்டுப் பார்த்தால் கோபம் பாதி இறங்கிவிடும். எனக்குப் பாதிதான் இறங்கியது.

இதைவிட ருசியானது 2023 செப்டம்பரில் நடந்த அலெக்ஸா கிராஸோ - வாலன்டீனா ஷெவ்சென்கோ இரண்டாவது சண்டை. ஒரு ஜட்ஜ் 48-47 கிராஸோ, இன்னொருவர் 48-47 ஷெவ்சென்கோ, மூன்றாமவர் 47-47. முடிவு டிரா. அந்த மூன்றாவது சீட்டில் கடைசி ரவுண்டைப் பார்த்தால் கிராஸோவுக்கு 10-8, அதாவது தோற்றவருக்கு வழக்கமான 9 கூட இல்லை, 8தான். ஷெவ்சென்கோ தூக்கிப் போடப் போய், முதுகைக் கொடுத்து, அடி வாங்கினார், உண்மைதான். ஆனால் 10-8 போட வேண்டுமென்றால் அடியின் தாக்கம், ஆதிக்கம், அது நீடித்த நேரம் மூன்றையும் எடைபோட வேண்டும். அந்த ரவுண்டின் பெரும்பகுதி சரிக்குச் சரியாகத்தான் போனது. என் காகிதத்தில் 10-9தான், இன்றும் மாற்றமாட்டேன்.

தளத்தின் குறையும் இங்கேதான் இருக்கிறது. எண் இருக்கிறது, காரணம் இல்லை. 2017 முதல் நடைமுறையில் இருக்கும் விதிப்படி, முதலில் பார்க்க வேண்டியது அடியும் பிடியும் உண்டாக்கிய விளைவு. அது முழுக்கச் சமமாக இருந்தால்தான் முன்னேறித் தாக்கியதைப் பார்ப்பார்கள், அதுவும் சமமானால்தான் கூண்டின் நடுவைப் பிடித்தது யார் என்ற பேச்சே வரும். எதிராளியைத் தரையில் சாய்க்கும் டேக்டவுன் போட்டுவிட்டு மேலே சும்மா படுத்திருந்தால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. புதிதாக வருகிறவருக்கு இதைத் தெரிவிக்காமல் 29-28ஐ மட்டும் காட்டினால் அவர் திட்டத்தான் செய்வார்.

பத்திரிகைக்காரர்கள் பட்டியலையும் வேதவாக்காக எடுக்க வேண்டாம். 2022இல் ஷான் ஓ'மேலி, பெட்ர் யானை 2-1 என்று ஜெயித்தபோது அந்தப் பட்டியல் கிட்டத்தட்ட முழுக்க யான் பக்கம் இருந்தது. நானும் யானுக்குத்தான் போட்டேன். இருந்தாலும், டிவியில் வர்ணனை கேட்டுக்கொண்டு பார்ப்பது வேறு, கூண்டோரம் உட்கார்ந்து ஒரே பக்கத்திலிருந்து பார்ப்பது வேறு. ரசிகர் ஓட்டு இன்னும் மோசம், யாருக்கு ரசிகர் அதிகம் என்பதுதான் பாதி அதில் தெரியும்.

ஜட்ஜ் பெயரைத் தட்டினால் அவருடைய பழைய சீட்டுகள் வரிசையாக வருவது பெரிய வசதி. இந்தச் சண்டைகளை நடத்தும் நிறுவனம் யுஎஃப்சி. 'யுஎஃப்சி விலைக்கு வாங்கிய ஜட்ஜ்' என்று எழுதுகிறவர்கள் ஒருமுறை அங்கே போகலாம். அமெரிக்காவில் ஜட்ஜுகளை நியமிப்பது அந்தந்த மாநில ஆணையம், யுஎஃப்சி இல்லை.

ஒன் சாம்பியன்ஷிப் என்ற இன்னொரு நிறுவனத்தின் எம்எம்ஏ மட்டும் பார்ப்பவர்களுக்கு இந்த ரவுண்டுக் கணக்கு அவ்வளவாக உதவாது, அங்கே சண்டையை மொத்தமாக வைத்துத்தான் தீர்ப்பு. மற்றவர்களுக்கு ஐந்துக்கு நான்கு தருவேன்.