எஃப்.இ. தேர்வுக்கு எது உதவும்: கேட் நோட்ஸா, வீடியோ கோர்ஸா, கையேடு மட்டுமா?

கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம், தொண்டி என்று எங்கள் கடற்கரை ஊர்களில் சிவில் படிக்கும் பிள்ளைகளுக்குக் கல்லூரி முடியும் முன்பே வளைகுடாக் கனவு வந்துவிடும். அப்படிப் போய் அங்கே அமெரிக்க கன்சல்டன்சிகளோடு வேலை செய்கிறவர்கள் இப்போது எஃப்.இ. (ஃபண்டமென்டல்ஸ் ஆஃப் இன்ஜினியரிங்) என்ற அமெரிக்கத் தேர்வைப் பற்றி விசாரிக்கிறார்கள். எம்.டெக். சேர நம் நாட்டில் நடக்கும் கேட் தேர்வுக்குப் படித்து, இப்போது ஊருக்கு லீவில் வந்த தம்பி ஒருவர் கேட்டதும் அதுதான்: "காக்கா, கேட்டுக்குப் படிச்ச நோட்ஸ் எல்லாம் பத்திரமா இருக்கு. எஃப்.இ.க்கு அதுவே போதுமா? இல்ல, அமெரிக்கக் கோர்ஸ் ஒண்ணு காசு கட்டி வாங்கணுமா?"

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வளைகுடாவில் வேலைக்குச் சேர எஃப்.இ. கட்டாயம் கிடையாது. சவூதி போகிறவருக்கு அந்நாட்டு இன்ஜினியர்கள் கவுன்சிலில் பதிவு வேண்டும். அதற்கு டிகிரி சரிபார்ப்புதான் முக்கியம். எஃப்.இ. என்பது அமெரிக்க மாநிலங்கள் தரும் 'புரொஃபஷனல் இன்ஜினியர்' உரிமத்தின் முதல் படி. அதைத் தாண்டி, பொதுவாக 4 வருட அனுபவமும் காட்டி, இரண்டாவது தேர்வையும் முடித்தால்தான் உரிமம். நம் நாட்டில் கட்டடக் கலைஞர்களுக்கு 1972 சட்டம் இருக்கிறது. இன்ஜினியர்கள் எல்லோரும் தேர்வு எழுதி உரிமம் வாங்க வேண்டும் என்று சட்டம் ஏதும் இல்லை. அதனால்தான் இந்தத் தேர்வின் போக்கே நம்மவர்களுக்குப் புதிதாக இருக்கிறது. அமெரிக்க நிறுவனத்தில் மேலே போக வேண்டும், அல்லது அந்த நாட்டுக்கே போக வேண்டும் என்ற எண்ணம் இருப்பவருக்குத்தான் இது. மற்றவர்கள் அந்த 225 டாலர் கட்டணத்தை மிச்சம் பிடிக்கலாம்.

தேர்வு எப்படி இருக்கும்? கம்ப்யூட்டரில் 110 கேள்விகள், 5 மணி 20 நிமிடம். நடுவில் 25 நிமிட இடைவேளை. இடைவேளைக்கு முன் முடித்த பகுதிக்கு மறுபடி போக முடியாது. நெகட்டிவ் மார்க் இல்லை. முடிவில் பாஸா, ஃபெயிலா என்று மட்டும்தான் வரும்; ரேங்க் கிடையாது. திரையில் ஒரு பக்கம் கேள்வி, இன்னொரு பக்கம் தேடிப் பார்க்கும் வசதியோடு, தேர்வு நடத்தும் என்.சி.இ.இ.எஸ். அமைப்பின் சூத்திரக் கையேடு. மனப்பாடம் செய்து வளர்ந்த நமக்கு இந்தக் கடைசி விஷயம்தான் பெரிய மாற்றம்.

சரி, மூன்று வழிகளையும் பார்ப்போம்.

கேட் நோட்ஸ் கையில் இருப்பவர் பாக்கியசாலி, அதில் சந்தேகமே இல்லை. ஸ்ட்ரக்சர், மண்ணியல், நீரியல், சர்வே ஆகியவற்றில் கேட் கேட்கும் ஆழம் எஃப்.இ.யை விட அதிகம். கேட்டில் நல்ல மார்க் எடுத்தவருக்கு எஃப்.இ. கேள்விகள் தனித்தனியாகப் பார்த்தால் எளிதாகவே தெரியும். நேரமும் ஏறக்குறைய ஒன்றுதான். கேட்டில் 180 நிமிடத்துக்கு 65 கேள்வி, இங்கே 320 நிமிடத்துக்கு 110. இரண்டிலும் ஒரு கேள்விக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. ஆனால் கேட்டில் அந்த நேரம் முழுக்கக் கணக்குக்குப் போகும். எஃப்.இ.யில் அதில் ஒரு பங்கு கையேட்டில் தேடுவதற்கே போய்விடும்.

கேட் பழக்கம் காலை வாரிவிடும் இடங்களும் உண்டு. முதலாவது, தெரியாத கேள்வியை விட்டுவிடும் பழக்கம். கேட்டில் பல கேள்விகளில் தவறான விடைக்கு மார்க் குறையும் என்பதால் பயந்து விடுவோம். எஃப்.இ.யில் ஒன்றைக்கூட வெறுமனே விடக் கூடாது. அப்புறம் கால்குலேட்டர். கேட்டில் மவுஸால் தட்டும் திரைக் கால்குலேட்டர். எஃப்.இ.யில் அனுமதிக்கப்பட்ட மாடலைக் கையோடு கொண்டு போகலாம். காசியோவின் எஃப்.எக்ஸ்.-991 வரிசை அந்தப் பட்டியலில் இருக்கிறது. நம் கல்லூரி ஹால்களில் எல்லா மேசையிலும் இருந்ததே, அதுவேதான். விரல் பழகிய கருவி என்பதால் நிறைய நேரம் மிச்சமாகும்.

இதைவிடப் பெரிய விஷயம் 'கோட்' (code), அதாவது டிசைன் விதித்தொகுப்பு. நம் படிப்பு முழுக்கக் கான்கிரீட்டுக்கு ஐ.எஸ். 456, ஸ்டீலுக்கு ஐ.எஸ். 800. எஃப்.இ. கையேட்டில் கான்கிரீட்டுக்கு ஏ.சி.ஐ., ஸ்டீலுக்கு ஏ.ஐ.எஸ்.சி. என்ற அமெரிக்க அமைப்புகளின் வழிமுறைகள். நமக்கு எம்-25 கான்கிரீட் என்றால் 150 மில்லிமீட்டர் கியூபை நசுக்கிப் பார்த்த வலிமை. அவர்கள் சொல்லும் கான்கிரீட் வலிமை சிலிண்டரை நசுக்கிப் பார்த்தது. ஒரே கான்கிரீட்டில் சிலிண்டர் வலிமை கியூபில் சுமார் 80 சதவீதம்தான் வரும். மண் வகைப்பாட்டிலும் இதே சிக்கல். நம் முறையில் திரவ எல்லையை (மண் குழம்பாக ஓடத் தொடங்கும் ஈரப்பத சதவீதம்) 35, 50 என்று இரண்டு இடத்தில் பிரித்து சி.எல்., சி.ஐ., சி.எச். என்று மூன்று களிமண் சொல்வோம். அமெரிக்க முறையில் 50-ல் மட்டும்தான் பிரிவு, சி.ஐ. என்பதே கிடையாது. கம்பி மட்டும் கருணை காட்டுகிறது: அவர்களுடைய கிரேடு 60 என்பது சுமார் 414 மெகாபாஸ்கல், நம் 415 கிரேடு கம்பிக்குப் பக்கத்திலேயே நிற்கும்.

கேட் நோட்ஸில் அறவே இல்லாத பாடங்களும் உண்டு. தொழில் நெறிமுறையில் 4 முதல் 6 கேள்வி, இன்ஜினியரிங் பொருளாதாரத்தில் 5 முதல் 8. இரண்டும் சேர்ந்தால் 9 முதல் 14 கேள்வி. படித்துவிட்டால் சுலபமாகக் கிடைக்கும் மார்க் இது. கேட் நோட்ஸை மட்டும் நம்பிப் போகிறவர் இதை அப்படியே இழக்கிறார்.

வீடியோ கோர்ஸைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சில நூறு டாலர் விலை. பாடத்திட்டத்தின் வரிசையிலேயே சொல்லித் தருவார்கள். விட்டுப்போன பாடம் என்று எதுவும் இருக்காது. கல்லூரியை விட்டு ஆறேழு வருடம் ஆகி, சைட்டில் பில்லும் லேபரும் பார்த்தே காலம் போனவருக்கு, மொமென்ட் டிஸ்ட்ரிபியூஷனை யாராவது மறுபடி சொன்னால்தான் ஞாபகம் வரும். அவருக்கு இந்தச் செலவு தகும். வாங்கினால் பதிவு செய்யப்பட்ட வகுப்பாகப் பார்த்து வாங்குங்கள். அமெரிக்கக் கிழக்குக் கரையில் இரவு 7 மணிக்கு நேரலை என்றால், அவர்களின் கோடைக்கால நேரப்படி நமக்கு விடியற்காலை 4.30, அமீரகத்தில் 3 மணி. வேலைக்குப் போகிற மனுஷன் அதை எத்தனை நாள் தாங்குவான்? கோர்ஸ் எத்தனை மாதம் திறந்திருக்கும் என்பதையும் பாருங்கள். கேட்பது மட்டும் படிப்பாகிவிடாது. வீடியோ ஓடும்போது தலையாட்டிக்கொண்டு இருந்துவிட்டு, பேனாவைத் தொடாமலே 'ஜியோடெக் முடிந்தது' என்று டிக் அடிப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். கட்டிய காசு கஷ்டப்பட்ட காசு.

மூன்றாவது வழிதான் நான் பெரும்பாலோருக்குச் சொல்வது: கையேட்டையே பாடப் புத்தகமாக வைத்துக்கொண்டு, தேர்வு நடத்தும் என்.சி.இ.இ.எஸ். விற்கும் பயிற்சித் தேர்வைப் போடுவது. அவர்களின் இணையதளத்தில் கணக்குத் தொடங்கினால் கையேட்டை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். பதிப்பு அவ்வப்போது மாறும் என்பதால் உங்கள் தேர்வுக்கு எது நடப்பில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அச்செடுத்துப் படிக்காதீர்கள். தேர்வில் திரையில்தான் பார்க்கப் போகிறீர்கள், முதல் நாளிலிருந்தே திரையில் தேடிப் பழகுங்கள்.

எப்படிப் பழகுவது என்று ஒரு கணக்கோடு காட்டுகிறேன். ராமநாதபுரம் கண்மாய்களுக்குப் பேர் போன சீமை. மழை பெய்து கண்மாய் நிறைந்தால் கலுங்கில் தண்ணீர் வழிவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். 10 மீட்டர் நீளக் கலுங்கின் மேல் 0.3 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். கையேட்டில் 'வியர்' (கலுங்குக்கு ஆங்கிலப் பெயர்) என்று தேடினால், பக்கச் சுருக்கம் இல்லாத செவ்வக வியருக்கான சூத்திரம் வரும்: நீளத்தையும், உயரத்தின் 1.5 அடுக்கையும், ஒரு மாறிலியையும் பெருக்க வேண்டும். அந்த மாறிலி மீட்டரில் 1.84, அடியில் 3.33. மீட்டரில் போட்டால் விநாடிக்கு சுமார் 3.02 கன மீட்டர். அடியில் போடுவோம்: நீளம் 32.8, உயரம் 0.984, மாறிலி 3.33, விடை சுமார் 107 கன அடி. இரண்டும் ஒரே தண்ணீர்தான். அடியில் கொடுத்த கணக்குக்கு 1.84-ஐப் போட்டால் 59 வரும். கேள்வி தயாரிப்பவர் அந்த 59-ஐயும் விடைகளில் ஒன்றாக வைத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டே போடுங்கள். வாய்க்காலில் ஓடும் தண்ணீருக்கான மானிங் சூத்திரத்திலும் இப்படித்தான். அங்கே மாறிலி மீட்டருக்கு 1, அடிக்கு 1.486.

ஒவ்வொரு சூத்திரத்தையும் இப்படி இரண்டு அலகிலும் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டால், அமெரிக்க அலகு பற்றிய பயம் போய்விடும். கேட் நோட்ஸ் இதைத் தராது. வீடியோ கோர்ஸில் ஆசிரியர் அடியிலேயே பிறந்து வளர்ந்தவர், நமக்கு எங்கே இடறும் என்பது அவருக்குத் தெரியாது.

இன்னொரு லாபம், கையேடு எந்தப் பெயரில் எதை வைத்திருக்கிறது என்பது கைப்பழக்கமாகிவிடும். 'கர்வ்' என்று தேடினால் எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போகும். சாலை வளைவின் நீளம் வேண்டும் என்றால் அந்த அத்தியாயத்துக்கே நேராகப் போகத் தெரிய வேண்டும். பொருளாதாரத்துக்கு வட்டி அட்டவணைகள் தயாராகவே இருக்கின்றன. 8 சதவீத வட்டியில் 10 வருடம், வருடத்துக்கு 1,000 டாலர் வீதம் வரும் பணத்தின் இன்றைய மதிப்பு என்ன என்று கேட்டால், அட்டவணையில் 6.7101 என்று எடுத்து 6,710 டாலர் என்று முப்பது விநாடியில் எழுதிவிடலாம். சூத்திரத்தை நினைவிலிருந்து எழுதிக் கணக்குப் போடுகிறவர் இரண்டு நிமிடம் செலவழித்திருப்பார்.

கையேட்டின் பொருட்கள் பகுதியில் துருப்பிடித்தலும் இருக்கிறது. கையேட்டில் உலோகங்களின் மின்னழுத்த அட்டவணை இருக்கிறது. உப்புக்காற்றில் ஜன்னல் கம்பி உரிவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, 1914-ல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தைக் கடல் என்ன செய்தது என்று தெரிந்தவர்களுக்கு, இந்தப் பாடத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2025-ல் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பகுதி எதிர்எடையோடு 17 மீட்டர் மேலே ஏறுவதைப் பார்த்துவிட்டு வந்து ஸ்டாடிக்ஸ் கணக்குப் போடுங்கள், ஆர்வம் தானாக வரும்.

கையேட்டு வழியின் குறையையும் சொல்ல வேண்டும். கையேடு எதையும் விளக்காது. சூத்திரம் இருக்கும், ஏன் என்பது இருக்காது. அடிப்படை கலகலத்துப் போனவர் அதைத் திறந்தால் எழுத்துக் கடலாகத்தான் தெரியும். தனியாகப் படிப்பதால் தள்ளிப்போடும் ஆபத்தும் உண்டு. அதற்கு நான் சொல்லும் வழி, தேர்வுத் தேதியை முதலிலேயே பதிந்துவிடுவது. காசு கட்டிவிட்டால் படிப்பு தானாக நகரும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் எழுதலாம், 12 மாதத்தில் மூன்று தடவைதான் முடியும் என்பதால், 'சும்மா போய்ப் பார்க்கலாம்' என்று எழுதப் போவது நல்லதல்ல.

ஆக, யாருக்கு எது? கேட் எழுதி ஓரிரு வருடத்துக்குள் இருப்பவருக்குக் கையேடும் பயிற்சித் தேர்வும் போதும். பழைய நோட்ஸை மேசையில் வைத்துக்கொண்டு, மறந்த இடத்தில் மட்டும் புரட்டலாம். கோர்ஸ் வாங்க வேண்டாம். இறுதியாண்டு மாணவருக்கும் இதுவே. பாடம் சூடாக இருக்கும்போதே எழுதுவது நல்லது. கேட் மதிப்பெண் மூன்று வருடம்தான் செல்லும், எஃப்.இ. பாஸ் காலாவதி ஆவதில்லை. ஆறு வருடம் சைட்டில் இருந்தவர் கோர்ஸ் வாங்கட்டும். ஆனால் ஸ்டாடிக்ஸ், மெக்கானிக்ஸ், மண்ணியல், ஸ்ட்ரக்சர் பாடங்களை அதில் பார்த்துவிட்டு, மீதியைக் கையேட்டிலேயே போடட்டும். கணிதத்தில் பயம் இருந்தால் கல்லூரிப் புத்தகத்தைத் திறப்பதில் எந்தக் கௌரவக் குறைச்சலும் இல்லை.

எந்த வழியில் போனாலும் காகித வேலையைக் கடைசிக்கு வைக்காதீர்கள். உரிமம் தருவது மாநில வாரியம். நம் டிகிரியை என்.சி.இ.இ.எஸ். மதிப்பீட்டுக்கு அனுப்பச் சொல்லி அவர்கள் கேட்பது வழக்கம், அதற்குப் பல்கலைக்கழகத்திலிருந்து மதிப்பெண் பட்டியல் போக வேண்டும். அப்புறம் பெயர். நம் சான்றிதழில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக, ஆதாரில் வேறு மாதிரி. தேர்வு மையத்தில் அடையாள அட்டையும் பதிவும் ஒத்துப்போகாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள். கணக்குத் தொடங்கும் அன்றே பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எழுத்தெழுத்தாகப் பார்த்து அடியுங்கள்.