ஓட்டுநர்களுக்காக வாங்கிய ஊதும் கருவி: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

மூன்று வேன்களை வாடகைக்கு விட்டுத் தொழில் நடத்தும் நான், சாவியைக் கொடுக்கும் முன் ஓட்டுநர் ஒவ்வொருவரையும் ஊதச் சொல்வது என்று முடிவு செய்து, சென்ற ஆண்டு, குடித்திருக்கிறார்களா என்பதை மூச்சைக் கொண்டு அளக்கும் கையடக்கமான பிரீத் அனலைசர் ஒன்றை வாங்கினேன். மலிவான கருவிகளில் உள்ள குறைக்கடத்தி உணரி (செமிகண்டக்டர் சென்சார்), சிகரெட்டின் புகைக்கும், சர்க்கரை நோயாளியின் மூச்சில் வரும் அசிட்டோனுக்கும்கூட எண் காட்டிவிடக்கூடும் என்பதால், கூடுதல் விலை கொடுத்து எரிபொருள் மின்கல உணரி உள்ளதையே தேர்ந்தெடுத்தேன். மூச்சிலுள்ள ஆல்கஹால் பிளாட்டினம் மின்முனையில் வினைபுரியும்போது உண்டாகும் மின்னோட்டத்தை இது அளக்கிறது.

ஊதுகுழலைப் பொருத்தி, ஒலி நிற்கும் வரை சீராக ஊத வேண்டும். திரையில் 0.030 என்று வந்தால் 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி. ஆல்கஹால் என்று பொருள்; மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு வகுத்த வரம்பும் அதுவே. அதைத் தாண்டி வண்டி ஓட்டினால் முதல் முறைக்கே ஆறு மாதம் வரை சிறையோ, 10,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

இரண்டாம் மாதத்தில், மதுவையே தொடாத எங்கள் மூத்த ஓட்டுநர் திருப்பதிக்குக் கிளம்பும் நேரத்தில் ஊதியபோது 0.041 என்று வந்தது. "முதலாளி, புள்ளைங்க மேல சத்தியமா நான் தொடலைங்க" என்று சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. விசாரித்தால், பல்வலிக்காகச் சற்று முன்புதான் ஆல்கஹால் கலந்த மவுத்வாஷால் வாய் கொப்பளித்திருக்கிறார். தண்ணீர் குடிக்கச் சொல்லி, 15 நிமிடம் உட்கார வைத்து மறுபடி ஊதச் சொன்னோம், 0.000. வாயில் தங்கிய ஆல்கஹாலையும் நுரையீரலிலிருந்து வருவதையும் என் கருவியால் பிரித்தறிய முடியவில்லை. இவ்வளவு முக்கியமான எச்சரிக்கையை, கையேட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பது பெருங்குறை. சாலையில் போலீசார் நிறுத்தும்போதும் இப்படி நேரலாம் என்பதால், சிறிது நேரம் கழித்து மறுமுறை ஊத அனுமதி கேட்கும்படி என் ஓட்டுநர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

கருவியின் உண்மையான பயன் விடியற்காலையில்தான் தெரிந்தது. முதல் நாள் இரவு கல்யாண வீட்டில் குடித்துவிட்டு நன்றாகத் தூங்கி எழுந்து, குளித்து, திருநீறு பூசி வந்த இளைஞர் ஒருவருக்கு ஐந்து மணிக்கு 0.052 காட்டியது, அவரே திகைத்துப் போனார். 100 மி.லி. ரத்தத்தில் உள்ள ஆல்கஹாலை உடல் மணிக்கு ஏறத்தாழ 15 மி.கி. அளவுதான் குறைக்கும் என்பதால், தூக்கமும் குளியலும் அந்தக் கணக்கை மாற்றுவதில்லை. அன்று வேறொருவரை அனுப்பினேன். மாறாக, குடித்த கையோடு ஊதிப் பார்த்து, எண் குறைவாக இருக்கிறது என்று வண்டியை எடுக்க நினைப்பவர்கள் தயவுசெய்து இதை வாங்க வேண்டாம். கடைசி மிடறுக்குப் பிறகும் ரத்தத்தில் அளவு ஏறிக்கொண்டே போகும்.

ஆண்டுக்கு ஒருமுறை அளவுத்திருத்தத்துக்கு அனுப்பியாக வேண்டும். எனக்கு அது திரும்பி வர மூன்று வாரமானது. அந்த இடைவெளியைத் தாங்க முடியாமல் இரண்டாவது கருவியும் வாங்கிவிட்டேன்.