இணைகோட்டுக்குச் சமன்பாடு: சாய்வு கண்டுபிடிப்பதா, எண்ணை மட்டும் மாற்றுவதா?

மலேசியாவில், பகாவில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சாயங்காலம் ஐந்தாறு பிள்ளைகள் கணக்குப் போட வருவார்கள். எல்லாரும் படிவம் 3, அதாவது ஒன்பதாம் வகுப்பு. ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளியில் தமிழில் கணக்குப் படித்துவிட்டு, இப்போது சாய்வைக் 'கெச்செருனான்' என்று மலாயில் படிக்கிறவர்கள். போன வருடம் வரை அவர்களுக்கு ஒய் = எம்எக்ஸ் + சி வழியைத்தான் சொல்லிக் கொடுத்தேன் (எம் என்பது சாய்வு, சி என்பது கோடு ஒய் அச்சை வெட்டும் இடம்). இப்போது மாறிவிட்டேன்.

கணக்கு இதுதான்: 3எக்ஸ் + 4ஒய் = 20 என்ற கோட்டுக்கு இணையாக (2, −5) வழியாகப் போகும் கோடு எது?

பழைய வழி எல்லாருக்கும் தெரியும். சாய்வு −3/4, அதையும் புள்ளியையும் போட்டு சி கண்டுபிடிக்க வேண்டும். −5 = −3/2 + சி என்ற வரி வரைக்கும் அக்கா மகள் சரியாக வந்தாள். அப்புறம் −3/2ஐ அந்தப் பக்கம் கொண்டுபோகும்போது குறியை மாற்றாமல் விட்டாள், சி −13/2 ஆகிவிட்டது. வரவேண்டியது −7/2. "மாமா, இணைன்னா என்னன்னு தெரியும், பின்னம்தான் ஒத்து வரல" என்றாள். அவள் சொன்னது முழுக்க உண்மை. அந்தப் பிள்ளைகளுக்கு மார்க் போவது கோட்டில் இல்லை, பின்னத்திலும் கழித்தல் குறியிலும்தான்.

அதனால்தான் இந்த வழிக்கு வந்தேன். இடப்பக்கத்தைத் தொடாதே, 3எக்ஸ் + 4ஒய் அப்படியே இருக்கட்டும், புள்ளியைப் போட்டுப் பார்: 3×2 + 4×(−5) = 6 − 20 = −14. விடை 3எக்ஸ் + 4ஒய் = −14. ஒரு பின்னம்கூட வரவில்லை.

குறுக்குவழியாக மட்டும் சொல்லிக் கொடுத்தால் மறந்துவிடும், காரணத்தையும் சொல்ல வேண்டும். கோட்டின் மேல் ஒரு புள்ளியிலிருந்து வலப்பக்கம் 4 போனால் 3எக்ஸ் 12 கூடும், கீழே 3 இறங்கினால் 4ஒய் 12 குறையும், கூட்டுத்தொகை மாறாது. ஆக, கோடு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை 3ம் 4ம் முடிவு செய்கின்றன, எங்கே நிற்கிறது என்பதை 20. செம்பனைத் தோட்டத்தில் நிரை எல்லாம் ஒரே திசையில்தான் போகும், நாம் எந்த நிரையில் நிற்கிறோம் என்பதுதான் வேறு. இதைச் சொன்னதும் பிள்ளைகளுக்குப் புரிந்துவிட்டது, அவர்கள் தினமும் பார்க்கிற காட்சி அது. இன்னொரு வசதி, புள்ளியைப் போட்டதும் அதே 20 வந்தால் அந்தப் புள்ளி பழைய கோட்டிலேயே இருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும். எக்ஸ் = 6 மாதிரி நிமிர்ந்து நிற்கும் கோட்டுக்குச் சாய்வே கிடையாது, பழைய வழி அங்கே நின்றுவிடும். இந்த வழியில், அதே (2, −5) புள்ளிக்கு, நேராக எக்ஸ் = 2.

கணக்கிலேயே ஒய் = 2எக்ஸ் + 1 என்று கொடுத்திருந்தால் பழைய வழி போதும், மாற்றி எழுதுவது வீண் வேலை. சாய்வைக் காட்டு என்று கேட்டிருந்தால் காட்டித்தான் ஆகவேண்டும். புள்ளியையும் சாய்வையும் நேராக வைத்து எழுதும் மூன்றாவது வழியும் உண்டு, மேல் படிவத்தில் வரும் கூடுதல் கணிதப் பாடத்தில் தொடுகோட்டுக்கு அது கை கொடுக்கும். ஆனால் நான் படிவம் 3 பிள்ளைகளோடு மட்டுமே உட்கார்ந்தவன், கூடுதல் கணித வகுப்புக்கு எது நல்லது என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.