டாடா பவரா, பவர் கிரிட்டா? வட்டி யார் தலையில் விழுகிறது என்பதே கேள்வி

மின்துறையில் நீண்டகாலத்துக்குப் பங்கு வாங்குவது என்று முடிவெடுத்தபோது என் முன்னே இரண்டு நிறுவனங்கள் நின்றன. ஒன்று, குஜராத்திலுள்ள தன் முந்த்ரா அனல்மின் நிலையம் ஏற்படுத்திய நட்டத்திலிருந்தும் கடனிலிருந்தும் மீண்டுகொண்டிருந்த டாடா பவர். மற்றொன்று, மீள வேண்டிய தேவையே இல்லாத பவர் கிரிட். என் பணத்தில் பெரும்பங்கு டாடா பவருக்குத்தான் போனது. ஆகவே இந்த அலசலும் அந்தப் பக்கமே சாயும்.

பவர் கிரிட்டைப் பற்றி நீட்டிச் சொல்ல அதிகமில்லை. அரசின் கையில் பெரும்பான்மைப் பங்கு, மாநிலங்களுக்கிடையே மின்சாரத்தைக் கடத்தும் வேலை, தவறாத ஈவுத்தொகை, 2021இலும் 2023இலும் மூன்று பங்குக்கு ஒன்று வீதம் போனஸ் பங்கு (இலவசப் பங்கு).

இரண்டுக்குமே கடன் பெரிது என்பதால், கடன் தொகையை மட்டும் வைத்து ஒப்பிடுவது பயனற்றது. அந்தக் கடனுக்கான வட்டியைக் கட்டணத்தில் சேர்த்து வசூலிக்க முடியுமா என்பதையே பார்க்க வேண்டும். 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டத்தில் இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. 62ஆம் பிரிவின்படி ஒழுங்குமுறை ஆணையம் செலவைக் கணக்கிட்டுக் கட்டணம் நிர்ணயிக்கும். 63ஆம் பிரிவின்படி ஏலத்தில் கேட்ட விலையே கட்டணமாகும். கும்மிடிப்பூண்டி ரயிலில் போகிறவர்கள் அன்றாடம் பார்க்கும் வல்லூர் அனல்மின் நிலையம், மத்திய அரசின் மின்னுற்பத்தி நிறுவனமான என்டிபிசியும் தமிழ்நாடு மின்வாரியமும் சேர்ந்து கட்டிய 1,500 மெகாவாட் நிலையம், முதல் வழியைச் சேர்ந்தது. நிலக்கரி விலை ஏறினால் அந்த ஏற்றம் மின்சாரத்தை வாங்குபவரிடம் போகும். பவர் கிரிட்டின் பழைய கம்பித்தடங்களும் அப்படியே. 2019 முதல் 2024 வரையிலான விதிகள் அவற்றின் பங்கு மூலதனத்துக்கு 15.5 சதவீத ஆதாயத்தை அனுமதித்தன. அதன் புதிய தடங்களில் பல ஏலத்தில் வென்றவை என்பதால், இந்தப் பாதுகாப்பு அவற்றுக்கு முழுமையாகப் பொருந்தாது.

முந்த்ரா இரண்டாம் வழியில் பிறந்தது. 4,000 மெகாவாட் நிலையத்துக்கு, யூனிட்டுக்குச் சராசரியாக 2 ரூபாய் 26 காசு என்று கேட்டு 2007இல் ஐந்து மாநிலங்களோடு ஒப்பந்தம் போட்டார்கள். எரிபொருள் செலவின் பெரிய பங்கை விலையேற்றத்தோடு இணைக்கவில்லை. முந்த்ராவுக்கு நிலக்கரி வந்த இந்தோனேசியா 2010இல் ஏற்றுமதி விலையைச் சந்தை விலையோடு கட்டிப்போட்டதும் கணக்கு தலைகீழானது. அந்த ஏற்றத்துக்கு ஈடு கேட்க முடியாது என்று 2017 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்துவிட்டது. விற்கும் ஒவ்வொரு யூனிட்டிலும் நட்டம் வர, வட்டியோ யாரிடமும் கைமாற்ற முடியாமல் பங்குதாரர் தலையிலேயே நின்றது.

என் முடிவுக்குக் காரணமும் இதுவேதான். வட்டியைக் கட்டணத்தில் வசூலிக்கும் நிறுவனத்தில் கடன் குறைந்தால் கட்டணமும் குறையும். வட்டியைத் தானே சுமக்கும் நிறுவனத்தில் குறைந்த ஒவ்வொரு ரூபாயும் வரிபோக இலாபத்தில் வந்து சேரும். 2020இல் டாடா பவர் கடனைக் குறைக்கத் தென்னாப்பிரிக்கக் கூட்டு நிறுவனத்தையும் கப்பல்களையும் விற்றது. தாய் நிறுவனமான டாடா சன்ஸ் பங்கு 53 ரூபாய் வீதம் புதிய பங்குகளை வாங்கி 2,600 கோடி ரூபாய் போட்டது. இதனால் பழைய பங்குதாரரின் விகிதம் சுருங்கியது உண்மை. ஆனால் அந்த ஒதுக்கீட்டுக்குப் பிறகு வாங்கத் தொடங்கிய என்னைப் போன்றவர்களுக்கு அந்தச் சுருக்கம் விலையிலேயே அடங்கியிருந்தது. மீட்சிப் பங்கில் முதல் ஆளாக நுழைவதைவிட, மூலதனம் திரட்டி முடியும்வரை காத்திருப்பதே மேல் என்பது என் கருத்து.

ஒடிசாவின் நான்கு மின்பகிர்மான நிறுவனங்களில் 51 சதவீதத்தை 2020, 2021 ஆண்டுகளில் எடுத்ததும் எனக்கு நம்பிக்கை தந்தது. 2002இல் வடக்கு டெல்லியை எடுத்தபோது பாதிக்கும் மேல் இருந்த மின்னிழப்பை அவர்கள் 10 சதவீதத்துக்கும் கீழே இறக்கியிருக்கிறார்கள். நெருக்கமான நகரத்தில் செய்ததைச் சிதறிய கிராமங்களிலும் அதே வேகத்தில் செய்ய முடியும் என்று அடித்துச் சொல்லும் அனுபவம் எனக்கில்லை. நான் பங்கு வைத்திருந்த காலத்தின் பெரும்பகுதியும் ஏறுமுகச் சந்தை. என் இலாபத்தில் என் கணிப்பின் பங்கு எவ்வளவு, காலத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்ட இயலாது.

ஈவுத்தொகையை வைத்து வீட்டுச்செலவைப் பார்ப்பவர்களுக்கு நான் பவர் கிரிட்டையே சொல்வேன். டாடா பவரை எடுப்பவர்கள் காலாண்டு முடிவில் இலாபத்துக்கு முன்பாக வட்டிச் செலவையும், அதன்பின் முந்த்ராவைப் பற்றிய குறிப்பையும் படிக்க வேண்டும். 2022 மே மாதத்தில் மத்திய அரசு மின்சாரச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்கீழ் இறக்குமதி நிலக்கரி நிலையங்களை இயக்க ஆணையிட்டதால்தான் அங்கே எரிபொருள் செலவுக்கேற்ற கட்டணம் கிடைத்தது. அது அவசரகால ஆணை, நீண்டகால ஒப்பந்தம் அல்ல.