ஹனோய் தெருவுணவு நடை: முன்பணம் கட்டுமுன் படியுங்கள்

வியட்நாம் தலைநகர் ஹனோயில் கைடோடு நடந்து தெருவுணவு சாப்பிடும் டூர் ஒன்றின் விளம்பரத்தில் இருந்தது இது: மூன்று மணி நேரம், ஏழு சுவைகள், அதிகபட்சம் எட்டுப் பேர், உள்ளூர்க்காரர்கள் சாப்பிடும் கடைகள் மட்டும், தலைக்கு 25 டாலர். நடந்தது வேறு. பதினாறு பேர் கொண்ட கூட்டம். நின்றது நாலே கடையில். ஏழு சுவைகளில் ஒன்று தண்ணீர் பாட்டில். இன்னொன்று, நாலு பேருக்கு ஒரு தட்டு வறுத்த சுருள், ஆளுக்கு ஒரு துண்டு. நடுவில் இருபது நிமிடம் காபித்தூளும் உலர்ந்த மாம்பழமும் விற்கும் கடையில் கழிந்தது. கடைசி நிறுத்தமான முட்டைக் காபி வந்தபோது, "பானங்கள் கட்டணத்தில் அடங்காது" என்று தனியாகக் காசு வாங்கினார்கள். முடிந்ததும் டிப்ஸுக்கு உறை நீட்டினார்கள்.

பெயரைச் சொல்லவில்லை. இந்த ஊரில் டூர் கம்பெனிகள் ஒன்றின் பெயரை இன்னொன்று அப்படியே போட்டுக்கொள்வது பழைய வழக்கம். பெயரை மட்டும் நம்பி ஒதுக்கினாலும் தப்பு, தேர்ந்தெடுத்தாலும் தப்பு. ஏமாற்றும் முறை எல்லோருக்கும் ஒன்றுதான். அதைத் தெரிந்துகொண்டு போவதுதான் பாதுகாப்பு.

முதலில் நியாயமான கணக்கைப் பார்ப்போம். ஒரு டாலர் ஏறக்குறைய 26,000 டோங் (வியட்நாம் நாணயம்). ஒரு லட்சம் டோங் நம் பணத்தில் முந்நூற்றுச் சொச்சம் ரூபாய். ஹோவான் கியெம் ஏரிக்கு வடக்கே உள்ள பழைய நகரத் தெருக்களில் சுட்ட பன்றி இறைச்சியோடு அரிசி நூடுல்ஸ் தரும் பூன் சா 50,000 முதல் 70,000 டோங் வரை, உள்ளே இறைச்சி வைத்த ரொட்டியான பான் மீ 25,000 முதல் 40,000, இனிப்புக் கிண்ணமான சே 25,000 முதல் 30,000, முட்டைக் காபி 35,000 முதல் 50,000. ஆறு பண்டங்களை முழு அளவில் தனியாகவே வாங்கிச் சாப்பிட்டாலும் பத்து டாலரைச் சுற்றித்தான் வரும். மீதிப் பணம் கைடின் உழைப்புக்கும் கம்பெனிச் செலவுக்கும் போகிறது, அதில் தவறில்லை. எந்தச் சந்தில் எந்தப் பாட்டி எதைப் போடுகிறார், எப்போது தீர்ந்துபோகும் என்று தெரிந்த ஒருவருக்குப் பதினைந்து டாலர் கொடுப்பது தகும். அந்த அறிவு உங்களுக்குக் கிடைக்காமல் போவதுதான் உண்மையான நஷ்டம்.

ஏன் கிடைக்காமல் போகிறது? கமிஷனால். வியட்நாமியத்தில் கமிஷனுக்கு 'ஹ்வா ஹோங்' என்று பெயர். ரோஜாப்பூவுக்கும் அதே சொல்தான். தங்குமிட ரிசப்ஷனில் டூர் விற்பவருக்கு ஒரு பங்கு, கம்பெனிக்கு ஒரு பங்கு, கூட்டத்தை அழைத்து வந்ததற்காகக் கடைக்காரர் கைடுக்குத் தருவது ஒரு பங்கு. முப்பது வருடமாக ஒரே பண்டத்தைப் போடும் நடைபாதைக் கடைக்காரர் யாருக்கும் கமிஷன் தரமாட்டார். அவருக்குத் தேவையில்லை, பதினொரு மணிக்கே பானை காலியாகிவிடும். கமிஷன் தருபவர் மூன்று மாடி, ஏசி, படம் போட்ட மெனு வைத்திருப்பவர். பதினாறு பேர் வந்தால் உட்கார வைக்க இடமும் அவரிடம்தான் இருக்கிறது. பழைய நகர வீடுகளின் முகப்பு குறுகலானது. நடைபாதையில் பத்துப் பிளாஸ்டிக் முக்காலி போட்டால் அதிகம். ஆகவே கூட்டத்தின் அளவைக் கேட்டாலே எந்த மாதிரிக் கடைக்குக் கூட்டிப்போவார்கள் என்று தெரிந்துவிடும். எட்டுக்கு மேல் என்றால் விட்டுவிடுங்கள்.

அடுத்தது நேரம். ஹனோயில் ஒவ்வொரு உணவுக்கும் ஒரு பொழுது உண்டு, நம் ஊரில் பொங்கலுக்கும் பரோட்டாவுக்கும் இருப்பதைப் போல. மாட்டெலும்புச் சாற்றில் போடும் நூடுல்ஸான ஃபோ முதன்மையாகக் காலை உணவு. பான் குவோன் என்ற ஆவியில் வெந்த அரிசித் தாளும் காலைக்குரியது. பூன் சா மதியத்துக்கு. பன்னிறைச்சியைக் கரி அடுப்பில் சுடும் புகை பதினொரு மணிக்குத் தெருவை மூடும், இரண்டு மணிக்கு அடங்கிவிடும். மாலைக்கென்று இருப்பவை வேறு: பச்சைப் பப்பாளியைச் சீவி உலர்ந்த மாட்டிறைச்சி தூவும் நோம், பெரிய தேவாலயத்தை ஒட்டிய சந்துகளில் வறுக்கும் புளித்த பன்றி இறைச்சித் துண்டான நெம் சுவா ஜான், சே, தா ஹியென் தெருவில் அன்றன்று வரும் பியா ஹோய் என்ற பீர். மாலை ஆறு மணி நடையின் பட்டியலில் ஃபோ, பான் குவோன், பூன் சா மூன்றும் இருந்தால், பட்டியலைப் போட்டவர் இணையத்தில் அதிகம் தேடப்படும் பெயர்களை வைத்துப் போட்டிருக்கிறார் என்று பொருள். இரவிலும் இவற்றை நன்றாகப் போடும் கடைகள் சில உண்டு. ஆனால் மூன்றும் ஒரே மாலையில் நன்றாக அமைவது அபூர்வம்.

தட்டு வந்ததும் எப்படிக் கண்டுபிடிப்பது? பூன் சாவில் இரண்டு வகை இறைச்சி இருக்கவேண்டும், உருட்டித் தட்டியதும் சீவிய துண்டுகளும். ஓரம் கருகி, பச்சைப் பப்பாளி வில்லைகள் மிதக்கும் வெதுவெதுப்பான சாற்றில் கிடக்கும். இறைச்சி ஈரமாகவும் வெளுத்தும், சாறு சில்லென்றும் வந்தால் மதியம் சுட்டதைச் சூடாக்கித் தந்திருக்கிறார்கள். பான் குவோன் என்றால், கொதிக்கும் பானை வாயில் கட்டிய துணியில் மாவை வார்த்து, மூங்கில் குச்சியால் உரித்தெடுப்பது கண் முன்னால் நடக்கவேண்டும். ஒன்றோடொன்று ஒட்டிய அடுக்கிலிருந்து பிய்த்து வைத்தால் அது எங்கிருந்தோ வாங்கியது. சா கா என்ற மஞ்சள் மீனை மேசையில் அடுப்பு வைத்து, சதகுப்பைக் கீரையும் வெங்காயத்தாளும் போட்டு வதக்கிச் சாப்பிடவேண்டும். அதைச் சின்னக் கிண்ணத்தில் 'ஒரு சுவை'யாகத் தருவது பெயருக்குத் தருவது.

முட்டைக் காபியில் இன்னொரு விளையாட்டு. 1946-இல், பால் கிடைக்காத காலத்தில், மெட்ரோபோல் ஓட்டலில் வேலை செய்த ங்குயென் வான் சாங் என்பவர் பாலுக்குப் பதில் முட்டை மஞ்சள் கருவை அடித்து இதை உருவாக்கினார். அவர் பின்னர் தொடங்கிய கடையை அவர் குடும்பத்தார் ங்குயென் ஹூவ் ஹுவான் தெருவில் இன்றும் நடத்துகிறார்கள். "இதுதான் முதல் கடை" என்று வேறு எந்தத் தெருவில் நின்று கைடு சொன்னாலும், அவர் சொல்லும் மற்ற கதைகளையும் அதே அளவுக்கு நம்பலாம்.

இனி, கைடு பேசாமல் நிற்கும் இடங்கள். காவடித் தடியில் பழக்கூடை தூக்கிவரும் பெண் தடியை உங்கள் தோளில் வைத்துப் படம் எடுக்கச் சொல்வார். பிறகு அன்னாசித் துண்டுக்கு வாய்க்கு வந்த விலை. பான் ஜான் என்ற வறுத்த மாவுருண்டை விற்பவர் ஒன்றை ருசி பார்க்கத் தந்து, பையை நிரப்பிக் கையில் திணிப்பார். குனிந்து உங்கள் செருப்பில் பசை தடவத் தொடங்கும் ஆள் ஒருவரும் உண்டு. நல்ல கைடு இந்த மூவரையும் ஒரு சொல்லில் அனுப்பிவிடுவார். கைடு விலகி நின்று போனைப் பார்த்தால், அடுத்து வரும் கடைகளிலும் அவர் உங்கள் பக்கம் நிற்கமாட்டார் என்று புரிந்துகொள்ளுங்கள். அங்கேயே காசுப்பையை உள்ளே வையுங்கள்.

கடைசி நிறுத்தம் 'ரயில் தெரு' என்று போட்டிருந்தால் கூடுதல் கவனம். தண்டவாளத்தை ஒட்டிய காபிக் கடைகளை அதிகாரிகள் 2019-இல் மூடச் சொன்னார்கள். 2022-இல் மறுபடியும் நடவடிக்கை எடுத்தார்கள். தடுப்பு போட்டிருக்கும் நாட்களில் கடைக்காரர் யாராவது வந்து அழைத்துப்போனால்தான் உள்ளே போகமுடியும், போனால் பானம் வாங்கியாகவேண்டும். கைடு அந்தக் கடைக்காரரிடம் உங்களை ஒப்படைத்துவிட்டு நடை முடிந்தது என்று கிளம்பிவிடுவார். பானச் செலவு உங்களுடையது.

பணம் கொடுக்கும்போது 20,000 நோட்டும் 500,000 நோட்டும் இரண்டுமே நீலச் சாயல், இரண்டிலும் ஹோ சி மின் படம். மங்கிய தெருவிளக்கில், நாலு பேர் பங்கு போட்டுக் கொடுக்கும் அவசரத்தில், ஒன்றுக்கு மற்றொன்று கைமாறினால் இழப்பு கிட்டத்தட்ட 18 டாலர். பின்புறம் பாருங்கள்: கூரை போட்ட பாலம் இருந்தால் 20,000. ஐந்து லட்சம் நோட்டுகளை நடைக்கு எடுத்துப்போகவே வேண்டாம். 10,000 முதல் 50,000 வரையிலான நோட்டுகளாக மூன்று லட்சம் டோங் போதும். மெனுவில் '50' அல்லது '50கே' என்றால் 50,000.

சைவம் சாப்பிடுவோரும் மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி தவிர்ப்போரும் அதிகம் ஏமாறுவது இங்கேதான். புக்கிங் பக்கத்தில் 'சைவ வசதி உண்டு' என்று போட்டிருக்கும். நடையில் அந்த வசதி, இறைச்சியை மட்டும் எடுத்துவிட்டு அதே எலும்புச் சாற்றில் நூடுல்ஸ் தருவதாக இருக்கும். தொட்டுக்கொள்ளும் சாறு நுவோக் மாம், அதாவது மீன் சாறு; ஏறக்குறைய எல்லாவற்றிலும் அது உண்டு. வதக்குவது பன்றிக் கொழுப்பில் இருக்கலாம். பான் மீயில் தடவும் பழுப்புப் பசை ஈரல். ஆகவே கட்டணம் கட்டுமுன் எழுத்தில் கேளுங்கள்: சைவக்காரருக்கு ஒவ்வொரு கடையிலும் என்ன பண்டம், சாறு எதில் செய்தது, மீன் சாறு இல்லாமல் கிடைக்குமா. "சமாளித்துக்கொள்ளலாம்" என்ற பதில் வந்தால் இல்லை என்றே கொள்ளுங்கள். வியட்நாமியத்தில் சைவ உணவுக்கு 'சாய்' என்று பெயர். கடைப் பலகையில் அந்தச் சொல் இருந்தால் நம்பி உட்காரலாம். சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும், அதாவது நம் அமாவாசை பௌர்ணமியை ஒட்டி, பௌத்தர்கள் பலர் சைவம் சாப்பிடுவார்கள். அன்று இந்தக் கடைகளில் வகைகள் கூடும். நடையை அந்த நாட்களுக்குப் போட்டால் நல்லது. வியட்நாமியம் ஒலிமாற்றத்தில் பொருள் மாறும் பாஷை. எனவே வேண்டாதவற்றை வாயால் சொல்லாமல் தங்குமிடத்தில் வியட்நாமியத்தில் எழுதி வாங்கி, போனில் வைத்துக் காட்டுங்கள். நிலக்கடலை ஒவ்வாதவர்களும் இப்படியே செய்யவேண்டும். நோமிலும் பூன் என்ற அரிசி நூடுல்ஸ் வகைகளிலும் கடலையைத் தூவிவிடுவார்கள்.

சாகசம் என்று சொல்லி நீட்டும் இரண்டை வாங்கவே வாங்காதீர்கள். ஒன்று தியெத் கான் என்ற வேகவைக்காத ரத்தக் கட்டி. பன்றி ரத்தத்திலிருந்து பரவும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சூயிஸ் கிருமி மூளையுறைக் காய்ச்சலையும் நிரந்தரச் செவிட்டுத்தன்மையையும் உண்டாக்கும். மற்றொன்று லேபிள் இல்லாத பாட்டிலில் வரும் அரிசிச் சாராயம். அதில் மெத்தனால் கலந்திருந்தால் கண்ணும் போகும், உயிரும் போகும்.

சரி, எப்படித்தான் தேர்ந்தெடுப்பது? வியட்நாமின் 2017 சுற்றுலாச் சட்டம் 2018 ஜனவரி முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி கைடுக்கு அட்டை வேண்டும், வேலை செய்யும்போது அதை அணிந்திருக்கவேண்டும், அவர் வியட்நாம் குடிமகனாக இருக்கவேண்டும். அட்டை எண்ணை அரசு சுற்றுலாத் துறையின் இணையப் பக்கத்தில் தேடிப் பார்க்கலாம். ஆகவே புக்கிங்கின்போதே கைடின் பெயரையும் அட்டை எண்ணையும் கேளுங்கள். தங்குமிட வாசலில் வேறொருவர் வந்து "உங்கள் கைடுக்கு உடம்பு சரியில்லை, நான்தான் மாற்று" என்றால், நீங்கள் பணம் கட்டிய எண்ணுக்கே அழைத்து உறுதி செய்யாமல் ஓரடியும் நகரவேண்டாம்.

ஏரிக்கரையில் ஆங்கிலம் பேசிப் பழக மாணவர்கள் வருவார்கள். அவர்கள் பேசிவிட்டுப் போய்விடுவார்கள், தாராளமாகப் பேசுங்கள். "நல்ல கடை காட்டுகிறேன்" என்று உடனே எழுந்து நடப்பவர் வேறு ஆள். மாணவர் குழுக்கள் நடத்தும் இலவச நடைகளும் உண்மையில் உண்டு. அவற்றுக்குப் பல நாள் முன்பே பதிய வேண்டும். உணவுச் செலவு உங்களுடையது, கூட வரும் மாணவருடையதையும் பொதுவாக நீங்களே தருவீர்கள்.

கட்டணம் கட்டுமுன் ஐந்தே கேள்வி அனுப்புங்கள்: கடைகளின் பெயரும் தெருவும் என்ன, ஒவ்வொரு தட்டும் எத்தனை பேருக்கு, பானம் அடங்குமா, அதிகபட்சம் எத்தனை பேர், பொருள் வாங்கும் நிறுத்தம் உண்டா. "கடைப் பெயர் ரகசியம்" என்பது ஓரளவு நியாயமான பதில்தான், போட்டியாளர்கள் வழித்தடத்தைத் திருடுவார்கள். அப்படிச் சொன்னால் பண்டங்களின் பட்டியலையாவது தரச் சொல்லுங்கள். தெத் புத்தாண்டு நாட்களில் நடையே வேண்டாம். நல்ல கடைகள் பூட்டிக் கிடக்கும், திறந்திருக்கும் எதற்காவது அழைத்துப்போவார்கள். முழுப் பணத்தையும் தனிநபர் கணக்குக்கு அனுப்பாதீர்கள். கார்டிலோ புக்கிங் தளம் வழியாகவோ கட்டினால்தான் திரும்பக் கேட்க வழி இருக்கும்.

மோசம் நடந்துகொண்டிருக்கும்போதே ஆதாரம் சேருங்கள். ஒவ்வொரு தட்டையும், கடைப் பலகையையும், கூட்டத்தையும் படம் எடுங்கள். நேரம் போனிலேயே பதிந்துவிடும். தனியாகக் காசு கேட்டால் ஒவ்வொன்றுக்கும் விலை எழுதிய ரசீது கேளுங்கள். எழுதச் சொன்னதுமே தொகை குறைவது பலமுறை நடக்கும். மிரட்டினாலோ வழியை மறித்தாலோ போலீஸ் எண் 113. தங்குமிட ரிசப்ஷனில் பேசச் சொல்லலாம், அவர்களே அந்த டூரை விற்றிருந்தால் மட்டும் வேண்டாம். அன்றிரவே புக்கிங் தளத்துக்குப் புகார் எழுதுங்கள். "மோசமான அனுபவம்" என்று எழுதினால் யாரும் பணம் திருப்பமாட்டார்கள். சொன்னது ஏழு சுவை, அதில் ஒன்று தண்ணீர் பாட்டில். சொன்னது எட்டுப் பேர், வந்தது பதினாறு. சொன்னது மூன்று மணி நேரம், முடிந்தது இத்தனை மணிக்கு என்று எதிரெதிரே போட்டு, படங்களை இணைத்து, திருப்பித் தரவேண்டிய தொகையையும் நீங்களே குறிப்பிட்டு அனுப்புங்கள்.