மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை: ஒரு லைன் சூப்பர்வைசர் பார்த்தது

கண்புரை ஆபரேஷனுக்கு மதுரை அரவிந்துக்குப் போகலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: தாராளமாகப் போங்கள். என் அம்மாவுக்கு வலது கண்ணில் அங்கேதான் செய்தோம். இப்போது கண்ணாடி இல்லாமலே தெருமுனையில் வரும் பஸ்ஸின் ஊர்ப்பெயரைப் படிக்கிறார். ஆனால் எனக்கு அதிகம் எழுதத் தோன்றுவது அங்கே வேலை நடக்கும் விதத்தைப் பற்றித்தான். திண்டுக்கல் பக்கம் ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியில் தையல் லைனுக்கு சூப்பர்வைசராக இருக்கிறேன். ஒரு கூட்டத்தை ஒரே மாதிரி வேலை செய்ய வைப்பது எவ்வளவு பாடு என்று எனக்குத் தெரியும். அதனால் அம்மாவோடு உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் என் கண் அங்கே வேலை செய்கிறவர்கள் மேலேயே இருந்தது.

என் அம்மா ஒரே கேள்வியைப் பார்க்கிற எல்லாரிடமும் கேட்பார். பதிவு செய்கிற இடத்தில், பார்வை பார்க்கிற இடத்தில், கண் அழுத்தம் பார்க்கிற இடத்தில், எங்கே போனாலும் "ஊசி போடுவீங்களாம்மா? எத்தனை நாள் தலைக்குக் குளிக்கக் கூடாது? எப்ப அடுப்பு கிட்ட போகலாம்?" என்று ஆரம்பித்துவிடுவார். எல்லா சிஸ்டரும் சொன்ன பதில் ஒன்றுதான். யாரும் "அதை டாக்டர்கிட்ட கேளுங்க" என்று கைகழுவவில்லை, யாரும் முகம் சுளிக்கவில்லை. ஒவ்வொரு இடத்திலும் எழுந்திருக்கும்போது அடுத்து எங்கே போக வேண்டும், அங்கே என்ன செய்வார்கள் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். சில வருடம் முன்னால் வேறோர் ஊரில் ஒரு மருத்துவமனையில் அப்பாவைச் சேர்த்திருந்தோம். அங்கே கவுண்டரில் ஒரு தொகை, வார்டில் ஒரு தொகை, டிஸ்சார்ஜ் அன்றைக்கு வேறொரு தொகை. அதைப் பட்டவளுக்குத்தான் இந்த ஒரே பதிலின் அருமை தெரியும்.

பணம் கட்டும் பிரிவில், புரையை எடுத்துவிட்டுக் கண்ணுக்குள் எந்த லென்ஸ் வைக்கிறோம் என்பதைப் பொறுத்துத் தொகை மாறும். அதற்கென்றே ஒரு சிஸ்டர் உட்கார்ந்து விலைகளைக் காட்டி, எதில் என்ன வித்தியாசம் என்று விளக்கினார். விலை கூடினதை எங்கள் தலையில் கட்டப் பார்க்கவில்லை. "பாட்டி வீட்டு வேலைதான் பார்க்கிறாங்கன்னா இதுவே போதும்" என்று நடுவில் இருந்ததைக் காட்டினார். கடைசியில் கட்டியதும் அவர் சொன்ன தொகைதான்.

இந்த சிஸ்டர்கள் பெரும்பாலும் சுற்று வட்டார கிராமங்களில் பிளஸ் டூ முடித்த பெண்கள். மருத்துவமனையே எடுத்து, இரண்டு வருடம் பயிற்சி கொடுத்து, ஆளுக்கொரு வேலையில் தேர வைக்கிறது. பார்வை அளப்பது, அழுத்தம் பார்ப்பது, ஆபரேஷனுக்குத் தயார் செய்வது எல்லாம் இவர்கள் பொறுப்பு. டாக்டரால் மட்டுமே செய்ய முடிகிற வேலைதான் டாக்டரிடம் போகிறது. அதனால்தான் அங்கே ஒரு டாக்டர் வருடத்துக்கு 2000 ஆபரேஷன் வரை செய்ய முடிகிறது என்கிறார்கள். தியேட்டருக்குள் பக்கத்திலேயே இன்னொரு டேபிளில் அடுத்த ஆள் தயாராகப் படுத்திருந்ததை அம்மாவே பார்த்திருக்கிறார். ஒன்று முடிந்ததும் டாக்டர் அந்தப் பக்கம் திரும்பினாராம், அவ்வளவுதான்.

இவ்வளவு வேகமாக நடக்கிற இடத்தில் தப்பும் வேகமாக நடக்குமே என்று எனக்குப் பயம் இருந்தது. எங்கள் லைனில் டார்கெட்டை ஏற்றினால் அன்றைக்கு ஆல்டர் பீஸ், அதாவது தப்பாகத் தைத்துத் திருத்த வேண்டிய துணி, குவியும். ஆபரேஷன் அன்று காலையில் அந்தப் பயம் போனது. வார்டில் ஒரு சிஸ்டர் வந்து, "பாட்டி, உங்க பேரு சொல்லுங்க. எந்தக் கண்ணு?" என்று கேட்டு, வலது புருவத்துக்கு மேலே அடையாளம் வைத்தார். சொட்டு மருந்து விட வந்தவர் அந்த அடையாளத்தைப் பார்த்த பிறகும் பேரையும் கண்ணையும் கேட்டார். தியேட்டர் வாசலில் வாங்கிக்கொண்டவர் கையில் ஃபைல் இருந்தது, அடையாளம் கண்ணெதிரே இருந்தது, அப்படியும் அம்மா வாயால் "வலது" என்று சொன்ன பிறகுதான் உள்ளே கூட்டிப் போனார். அம்மாவுக்குச் சலிப்பு வந்துவிட்டது. எனக்கு நிம்மதி வந்தது. முன்னால் இருப்பவர் பார்த்திருப்பார் என்று யாரும் விடவில்லை. அங்கே சூப்பர்வைசர் என்று யாரும் நின்று கவனிக்கவும் இல்லை.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் டாக்டர் கோ. வெங்கடசாமியிடம்தான் போய் நிற்க வேண்டும். 'டாக்டர் வி' என்றால்தான் மதுரையில் பலருக்குத் தெரியும். 1918இல் வடமலாபுரம் கிராமத்தில் பிறந்தவர். முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போன பிறகும் அந்த விரல்களால் கண் அறுவைச் சிகிச்சை செய்யப் பழகினார். அரசு வேலையில் ஓய்வு பெற்ற பிறகு, 1976இல், 58 வயதில் 11 படுக்கைகளோடு இந்த மருத்துவமனையைத் தொடங்கினார். தம்பி தங்கைகள் வீட்டு நகையை அடகு வைத்துக் கைகொடுத்தார்கள். வைத்துக்கொண்ட நோக்கம் ஒன்றே ஒன்று: தடுக்கக்கூடிய பார்வையிழப்பு யாருக்கும் இருக்கக் கூடாது. அமெரிக்காவில் மெக்டொனால்ட்ஸ் கடைகளைப் பார்த்து, எந்த ஊர்க் கிளையிலும் ஒரே தரத்தில் கொடுக்க அவர்களால் முடிகிறதென்றால் கண் சிகிச்சையில் ஏன் முடியாது என்று கேட்டவர் அவர்.

இலவசப் பிரிவுக்குத் தனிக் கட்டிடம். கிராமங்களில் முகாம் நடத்தி, ஆபரேஷன் தேவைப்படுகிறவர்களைப் பஸ்ஸில் கூட்டி வருகிறார்கள். சாப்பாடு, லென்ஸ், மருந்து எதற்கும் காசு இல்லை. பணம் கட்டுகிறவருக்கு வசதியான அறை கிடைக்கும், லென்ஸில் தேர்வு கிடைக்கும். டாக்டர்கள் மட்டும் இரண்டு பக்கமும் மாறி மாறி வேலை பார்க்கிறார்கள். இலவசத்துக்கு ஒரு கை, காசுக்கு ஒரு கை என்று கிடையாது. என்னை மிகவும் தொட்டது இதுதான். கம்பெனியில் எக்ஸ்போர்ட் ஆர்டருக்கு ஒரு செக்கிங், லோக்கல் ஆர்டருக்கு ஒரு செக்கிங் என்று நடக்கும்போது, தைக்கிற பெண்களுக்கு எந்தப் பீஸில் கவனம் வேண்டாம் என்பது முதலில் பதிந்துவிடுகிறது. அப்புறம் எக்ஸ்போர்ட் பீஸிலும் கை தளரும்.

லென்ஸ் விலை கட்டுப்படியாகவில்லை என்று 1992இல் ஆரோலேப் என்ற பெயரில் தாங்களே தயாரிக்க ஆரம்பித்தார்கள். வெளிநாட்டு லென்ஸ் விலையில் சுமார் பத்தில் ஒரு பங்குக்கு அது கிடைத்தது. தங்கள் வேலை முறையை மற்ற மருத்துவமனைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவும் தனி நிறுவனமே வைத்திருக்கிறார்கள்.

கிளம்புகிற அன்று சொட்டு மருந்து அட்டையைக் கொடுத்த சிஸ்டர் படித்துக் காட்டியதோடு விடவில்லை. வாரத்துக்கு வாரம் வேளை குறையும் கணக்கை அம்மாவையே திருப்பிச் சொல்ல வைத்தார். என்னைக் கை கழுவிவரச் சொல்லி, கீழ் இமையை இழுத்து ஒரு சொட்டு விடச் சொன்னார். பாட்டில் முனை இமையில் பட்டுவிட்டது. "முனை படக் கூடாதுக்கா, மறுபடி விடுங்க" என்றார். சரியாக விழுந்த பிறகுதான் ஃபைல் என் கைக்கு வந்தது.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். கூட்டம் எப்போதும் உண்டு, அதிகாலையிலேயே போய்விடுங்கள். கண்ணில் மருந்து விட்டால் சில மணி நேரம் எதுவும் தெளிவாகத் தெரியாது, பெரியவர்களைத் தனியாக அனுப்ப வேண்டாம். சர்க்கரை, பிரஷர் மாத்திரைச் சீட்டும் பழைய கண்ணாடியும் கையில் இருக்கட்டும். உங்கள் ஊர்ப் பக்கம் அவர்களுடைய விஷன் சென்டர் இருந்தால் முதலில் அங்கே காட்டுங்கள். பரிசோதித்துவிட்டு அங்கிருந்தே வீடியோவில் டாக்டரிடம் பேச வைப்பார்கள். ஆபரேஷன் தேவை என்று தெரிந்த பிறகு மதுரைக்கு பஸ் ஏறினால் போதும்.